காசு பேசும்... காசு கொடுக்குமா?

குழந்தைகளே! உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸிலோ, அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலோ ஒரு காசு கிடக்கிறதா? எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் அசோகரின் சிங்கமுகத் தூண் இருக்கும். மறுபக்கம் வெறும் எண் மட்டும் இல்லாமல் ஒரு தலைவரின் முகமோ, ஒரு கோயிலோ, ஏதாவது வாசகமோ இருக்கிறதா? அப்படியானால் உங்கள் கையில் இருப்பது "நினைவு நாணயம்".

நினைவு நாணயங்களில் பல வகை உண்டு. பெரியோரை நினைக்க வெளியிடுவது ஒரு வகை. விழாவைக் கொண்டாட வெளியிடுவது இன்னொரு வகை. பசி, நோய், கல்லாமை, பார்வையின்மை போன்ற துன்பங்களைப் போக்க மக்களின் மனதைத் தட்டி எழுப்ப வெளியிடுவது மூன்றாவது வகை. அந்த மூன்றாவது வகைக் காசுகளைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

பக்கத்திலேயே ஒரு தங்கசாலை

வடசென்னைப் பிள்ளைகளுக்கு "மின்ட்" பஸ் நிறுத்தம் தெரியாமல் இருக்காது. ராயபுரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்தத் தெருவுக்குத் தமிழில் தங்கசாலைத் தெரு என்று பெயர். ஏன் அந்தப் பெயர் வந்தது தெரியுமா? காசு அச்சடிக்கும் இடத்துக்குத்தான் தங்கசாலை, நாணயச்சாலை, அக்கசாலை என்றெல்லாம் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் சென்னையின் நாணயச்சாலை அந்தத் தெருவின் வடகோடியில் இயங்கியது. 1869ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. பிறகு அந்த வளாகம் அரசு அச்சகத்துக்குப் போனது. காசு அடித்த இடத்தில் காகிதம் அச்சடித்தார்கள்! நாணயச்சாலை போனாலும் பெயர் மட்டும் பஸ் போர்டில் தங்கிவிட்டது.

இன்று இந்தியாவில் நான்கு ஊர்களில் காசு அச்சடிக்கிறார்கள். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா. எந்த ஊரில் பிறந்த காசு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆண்டு எண்ணுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா!

முதல் நினைவு நாணயம்

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த ஆண்டு மே மாதம் மறைந்த நேரு மாமாவின் நினைவாக ஒரு ரூபாயும் 50 காசும் வெளியிட்டார்கள். 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டு வந்தது. அப்போது 20 காசு, 50 காசு, 1 ரூபாய், 10 ரூபாய் என நான்கு நாணயங்கள் வந்தன.

அதற்குப் பிறகுதான் நம் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது.

பசியைப் பற்றிப் பேசிய காசுகள்

ஐக்கிய நாடுகள் சபையின் ஓர் அங்கம் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம். 1945ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதனால்தான் ஆண்டுதோறும் அக்டோபர் 16ஐ உலக உணவு தினமாகக் கொண்டாடுகிறோம்.

1968ஆம் ஆண்டில் இந்த நிறுவனத்துக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. பசியைப் பற்றிய செய்தி எல்லா மக்களையும் போய்ச் சேர வேண்டும். புத்தகம் அச்சடித்தால் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும்தான் படிப்பார்கள். ஆனால் காசைத் தொடாத மனிதர் யார்? மீன் விற்கும் ஆயாவின் சுருக்குப்பையிலும் காசு இருக்கும். மில் முதலாளியின் பெட்டியிலும் காசு இருக்கும். ஆகவே, "உங்கள் நாட்டுக் காசில் உணவைப் பற்றி ஒரு செய்தி போடுங்கள்" என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பல நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியாவும் அதில் ஒன்று.

அப்போது இந்தியாவுக்குப் பசி என்பது புத்தகத்தில் படிக்கும் பாடமாக இருக்கவில்லை. 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கினால்தான் ரேஷன் கடையில் பொருள் இருக்கும் என்ற நிலைமை. அந்த நேரத்தில் மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி.சுப்பிரமணியம். அதிக மகசூல் தரும் விதைகளைக் கொண்டுவந்து பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்தார். 2010இல் அவருடைய நூற்றாண்டையொட்டி அவர் படம் போட்ட 5 ரூபாய் நாணயம் வந்தது.

இப்போது வரிசையாக அந்தக் காசுகள் என்ன சொல்லின என்று பாருங்கள்.

1970 - 20 காசு - "அனைவருக்கும் உணவு"
1973 - 50 காசு - "உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்"
1974 - 10 காசு - "திட்டமிட்ட குடும்பம், அனைவருக்கும் உணவு"
1976 - 5 காசு, 10 காசு - "அனைவருக்கும் உணவும் வேலையும்"
1977 - 5 காசு, 10 காசு - "வளர்ச்சிக்காகச் சேமிப்போம்"
1978 - 5 காசு, 10 காசு - "அனைவருக்கும் உணவும் உறைவிடமும்"
1980 - 10 காசு, 25 காசு - "கிராமப் பெண்கள் முன்னேற்றம்"
1986 - 50 காசு - "மீன்வளம்"
1987 - 1 ரூபாய் - "சிறு விவசாயிகள்"
1992 - 1 ரூபாய் - "உணவும் ஊட்டச்சத்தும்"
1994 - 2 ரூபாய் - "நீரே வாழ்வு"

காசுகளில் இந்த வாசகங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். உங்களுக்குப் புரிவதற்காகத் தமிழில் சொல்லியிருக்கிறேன்.

இடையில் 1979இல் வந்தது உங்களுக்கான காசு! அது உலகக் குழந்தைகள் ஆண்டு. மகிழ்ச்சியான குழந்தையே நாட்டின் பெருமை என்ற கருத்துடன் 5 காசும் 10 காசும் வெளிவந்தன. அவை அலுமினியக் காசுகள். கையில் வைத்தால் இறகு மாதிரி இருக்கும். ஊதினால் பறந்துவிடுமோ என்று தோன்றும்.

ஒரு மாணவனின் கேள்வி

மேலே உள்ள பட்டியலில் 1986ஆம் ஆண்டின் "மீன்வளம்" காசைக் கவனித்தீர்களா? கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான காசு வேறு இல்லை.

நான் ஆசிரியராக இருந்தபோது, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இந்த 50 காசைக் கொண்டுவந்து காட்டினான். அவனுடைய அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். காசில் என்ன எழுதியிருக்கிறது என்று வகுப்புக்கே விளக்கிச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் உட்காரவில்லை.

"சார், இந்தக் காசு வந்ததுனால எங்கப்பாவுக்கு என்ன சார் கெடச்சுது?" என்று கேட்டான்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. நல்ல கேள்விதானே? நீங்களும் யோசித்துப் பாருங்கள். காசில் "உணவு" என்று எழுதினால் பசி தீருமா? "மீன்வளம்" என்று எழுதினால் வலையில் மீன் விழுமா?

அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, காசில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, பேசும் காசு. இன்னொன்று, கொடுக்கும் காசு. உன் கையில் இருப்பது பேசும் காசு. அது நாட்டு மக்களிடம், 'மீனவனையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்' என்று சொல்லிக்கொண்டே கைமாறிக் கைமாறிப் போகும். அதைக் கேட்டுச் செயல்படுவது மனிதர்களின் வேலை."

அந்தக் காசு சொன்னதை நாம் கேட்டோமா? 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் எண்ணெய் கொட்டி, எர்ணாவூர் கரை கறுத்துப்போனது. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளி வாளியாக எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குள் புகுந்தது. படகுகளும் வலைகளும் பாழாயின. முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் வேலை இழந்தன. "மீன்வளம்" என்றும் "நீரே வாழ்வு" என்றும் காசில் எழுதினால் மட்டும் போதாது என்பது இப்போது புரிகிறதா?

கொடுக்கும் காசுகள்

சரி, உண்மையாகவே பணம் திரட்டிக் கொடுத்த காசுகள் உண்டா? உண்டு.

அது எப்படி நடக்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு மூலம் பார்க்கலாம். காசில் எழுதியிருக்கும் தொகைக்கு முகமதிப்பு என்று பெயர். நாணயச்சாலை பளபளப்பான ஒரு காசைச் செய்து, அழகான பெட்டியில் வைத்து, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறது. அந்தக் கூடுதல் விலையில் உலோகச் செலவும் செய்கூலியும் அடங்கும். இவற்றோடு, "இவ்வளவு தொகை இன்ன நற்பணிக்கு" என்று முன்கூட்டியே அறிவித்து ஒரு நன்கொடைத் தொகையையும் சேர்த்துவிட்டால், அதுதான் கொடுக்கும் காசு.

அமெரிக்காவில் இது சட்டப்படியே நடக்கிறது. நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலை பழுதடைந்திருந்த நேரம். 1986இல் அதற்காக நினைவு நாணயங்கள் வெளியிட்டார்கள். ஒவ்வொரு வெள்ளி டாலரின் விலையிலும் 7 டாலர் நன்கொடை. தங்கக் காசில் 35 டாலர் நன்கொடை. எல்லாம் சேர்ந்து சுமார் 8 கோடி டாலருக்கு மேல் திரண்டது!

2018இல் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக இளஞ்சிவப்பு நிறம் கொண்ட தங்கக் காசு ஒன்றை அமெரிக்கா வெளியிட்டது. அதன் ஒவ்வொன்றின் விலையிலும் 35 டாலர் ஆராய்ச்சிக்குப் போனது.

நம் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. "சீரிஸ்" என்ற பெயரில் பதக்கங்களை வெளியிட்டது. சீரிஸ் என்பது பழைய ரோமானியர்களின் தானிய தேவதை. நம் ஊர் அன்னபூரணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் பதக்கங்களில் அன்னை தெரசா போன்ற புகழ்பெற்ற பெண்மணிகளின் உருவம் இடம்பெற்றது. அவற்றை விற்று வந்த பணம் ஏழை நாடுகளின் சிறிய வேளாண்மைப் பணிகளுக்கு உதவியது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் யோசனைதான். 2020இல் அந்த நாடு "நன்கொடை டாலர்" என்ற காசை வெளியிட்டது. இது பெட்டிக்குள் வைக்கும் காசல்ல. கடையில் மீதிச் சில்லறையாகவே கைக்கு வரும். நடுவில் பச்சை வட்டம் இருக்கும். குளத்தில் கல் எறிந்தால் அலை வளையம் வளையமாக விரியுமே, அந்த மாதிரி கோடுகள் இருக்கும். "பிறருக்கு உதவக் கொடுங்கள்" என்று ஓரத்தில் எழுதியிருக்கும். இந்தக் காசு கைக்கு வந்தால் அதைச் செலவு செய்யாமல் யாருக்காவது நன்கொடையாகத் தந்துவிட வேண்டும். சட்டம் எதுவும் இல்லை. மனச்சாட்சிதான் சட்டம்! ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகைக்கு ஈடாக, தலைக்கு ஒன்று வீதம் இரண்டரைக் கோடி காசுகள் அடிப்பது என்று திட்டமிட்டார்கள்.

இந்தியாவிலும் முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு நினைவு நாணயங்கள் விற்கப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயம் அதற்கு உதாரணம். ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எல்லாம் தர்மத்துக்குப் போகிறது என்று நாமாக எண்ணிவிடக் கூடாது. நன்கொடை உண்டு என்று விற்பனை அறிவிப்பிலேயே எழுதியிருந்தால்தான் அது கொடுக்கும் காசு.

விரலால் படிக்கும் காசு

பார்வையற்றோர் படிக்கப் புள்ளி எழுத்தைக் கண்டுபிடித்தவர் லூயி பிரெயில். பிரான்ஸ் நாட்டுக்காரர். 2009இல் அவருடைய இருநூறாவது ஆண்டு. இந்தியா அவர் உருவத்தோடு 2 ரூபாய் நாணயம் வெளியிட்டது. அமெரிக்கா வெளியிட்ட வெள்ளி டாலரில் விரலால் தடவிப் படிக்கக்கூடிய புள்ளி எழுத்தே இருந்தது. அதன் விலையில் 10 டாலர், பார்வையற்றோருக்குப் புள்ளி எழுத்து கற்பிக்கும் பணிக்காக ஒதுக்கப்பட்டது.

2019 மார்ச் மாதம் இந்தியா புதிய வரிசை நாணயங்களை அறிமுகப்படுத்தியது. பார்வையற்றோர் எளிதில் அடையாளம் காணும் விதமாக அவை வடிவமைக்கப்பட்டன. அதில் 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள். கண்ணை மூடிக்கொண்டு 1, 2, 5, 10, 20 ரூபாய் காசுகளைத் தடவிச் சொல்லிப் பாருங்கள். எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள்? அந்த விளையாட்டு முடிந்ததும், பார்வையற்ற ஒருவர் ஒவ்வொரு நாளும் கடையில் என்ன பாடுபடுவார் என்று உங்களுக்கே விளங்கும்.

சேகரிப்பது எப்படி?

நாணயம் சேர்க்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் சில்லறையே போதும். காமராசர் (2003), அன்னை தெரசா (2010), சி.சுப்பிரமணியம் (2010) உருவம் பொறித்த 5 ரூபாய் காசுகள் கடைச் சில்லறையோடு கலந்தே வந்தவை. 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுவந்த காமராசரின் காசை, "அனைவருக்கும் உணவு" காசுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்!

சில முறைகளை மறக்காதீர்கள்.

* காசைப் புளி போட்டோ, சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் மேலே உள்ள நுணுக்கமான கோடுகள் தேய்ந்துபோகும்.
* விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் வியர்வை உலோகத்தைக் கறுக்கச் செய்யும்.
* நம்முடையது உப்புக்காற்று வீசும் ஊர். ஈரம் படாத டப்பாவில், தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை டப்பாவில் போட்டு வைக்கலாம். அதைப் பிரிக்கக் கூடாது. வீட்டில் தம்பி, தங்கை கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.
* ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். ஆண்டு, மதிப்பு, அடித்த ஊர், வாசகம், எங்கே கிடைத்தது. இந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது சேகரிப்பு அல்ல, வெறும் சில்லறை!

ஒரு புதிர்: 1986ஆம் ஆண்டு "மீன்வளம்" காசில் நொய்டாவின் புள்ளி இருக்குமா? இருக்காது. நொய்டா நாணயச்சாலை தொடங்கியதே 1988இல்தான்!

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. விடுமுறையில் அம்மா அப்பாவோடு போய்ப் பாருங்கள்.

ஏமாறாதீர்கள்!

"உங்கள் பழைய 5 ரூபாய்க்கு 5 லட்சம் தருகிறோம்" என்று செல்போனில் விளம்பரம் வரும். முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்பார்கள். பணம் கட்டியதும் காணாமல் போவார்கள். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி ஏமாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. "பழைய காசு வாங்கி விற்கும் தொழிலை நாங்கள் செய்வதில்லை. அதற்காக எந்தக் கமிஷனும் கேட்பதில்லை" என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம். அப்படி யாராவது பேசினால் உடனே பெற்றோரிடம் சொல்லுங்கள். வங்கி எண்ணோ, ஓ.டி.பி.யோ யாருக்கும் சொல்லக் கூடாது.

வதந்தியையும் நம்பாதீர்கள். "10 ரூபாய் காசு செல்லாது" என்று பல கடைகளில் வாங்க மறுத்தார்கள் அல்லவா? 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 காசு இன்றைக்கும் சட்டப்படி செல்லும். அப்படியானால் அந்த "மீன்வளம்" காசும் செல்லும்! கடைக்காரர் வாங்குவாரா என்பது வேறு விஷயம்.

உங்கள் வகுப்பில் செய்யலாமா?

2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி நம் கடற்கரையைத் தாக்கியது. அப்போது எத்தனையோ பள்ளிக் குழந்தைகள் உண்டியலை உடைத்து நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். அந்தக் காசுகளில் "நன்கொடை" என்று யாரும் அச்சடித்திருக்கவில்லை. கொடுத்த பிறகு ஒவ்வொன்றும் நன்கொடைக் காசாக மாறியது.

ஆகவே, ஆஸ்திரேலியா மாதிரி தனிக் காசு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். ஆசிரியரிடம் அனுமதி பெற்று வகுப்பில் ஓர் உண்டியல் வையுங்கள். "நினைவு நாணயம் ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் ஒன்று என் டப்பாவுக்கு, இன்னொன்று உண்டியலுக்கு" என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு இறுதியில், அக்டோபர் 16 வந்தால் அன்றைக்கே கூட, உண்டியலைத் திறந்து எல்லோர் முன்னிலையிலும் எண்ணுங்கள். நோட்டுப் புத்தகம் வாங்க முடியாத பிள்ளைக்கா, புயலில் நனைந்துபோன புத்தகப் பைக்கா, யாருக்குக் கொடுக்கலாம் என்று வகுப்பே முடிவு செய்யட்டும். வரவையும் செலவையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். வாங்கிய பிள்ளையின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

தமிழில் "நாணயம்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு. மற்றொன்று நேர்மை. முதலாவதை நான்கு ஊர்களில் அச்சடிக்கிறார்கள். இரண்டாவதை நாம்தான் அச்சடிக்க வேண்டும். உண்டியலில் விழுந்த காசுக்குக் கணக்கு சரியாக இருந்தால், குழந்தைகளே, உங்கள் வகுப்பும் ஒரு தங்கசாலைதான்!